சிறையில் எழுதிய கவிதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சிட்னியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண். சிறையில் இருக்கும் அவள் தம்பி, அங்கே நடக்கும் எழுத்துப் பயிற்சியில் சேர்ந்து கவிதை எழுதுகிறான். "பணம் கட்டி, பதிப்புரிமையையும் எழுதிக் கொடுத்தால் புத்தகமாகப் போடுகிறேன், இல்லாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும்" என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: பொய். எழுதியவருக்கே சொந்தம். ஆஸ்திரேலியாவில் பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. எழுதிய அன்றே வந்துவிடும், அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் இருக்கும். "பதிவு செய்து தருகிறேன்" என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பதிப்புரிமை கைமாற வேண்டுமானால் எழுதிய ஒப்பந்தமும் அதில் கையெழுத்தும் வேண்டும். அதனால்தான் இந்த ஆட்கள் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுகிறார்கள். நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஜூனி சிறைக்கு, அதே மாநிலத்து வாலங்காங் பக்கத்திலிருந்து மூத்தவர் பார்பரா நிக்கல்சனும் மற்றப் பழங்குடி எழுத்தாளர்களும் போய்ப் பயிற்சி நடத்தி, கைதிகளின் எழுத்தைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார்கள். நேர்மையான பயிற்சி அப்படித்தான் இருக்கும். உள்ளே இருப்பவனிடம் காசு பிடுங்காது.

அரசு தலையிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. செய்த குற்றத்தால் கிடைத்த பெயரை விற்றுச் சம்பாதித்தால், 2002ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அந்த வருமானத்தை நீதிமன்றம் கேட்கலாம். மாநிலச் சட்டங்கள் தனி. கவனியுங்கள், கேட்பது வருமானத்தை, கவிதையை அல்ல. அப்போதும் எழுத்தின் சமூக, பண்பாட்டு மதிப்பு, குற்றத்தின் கடுமை, எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கலாம். அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையிலிருந்து திரும்பிய ஆஸ்திரேலியர் டேவிட் ஹிக்ஸின் நூல் வருமானத்தைக் கேட்டு 2011இல் அரசு வழக்குப் போட்டது. 2012இல் தானே கைவிட்டது. ஊர்ப் பணம்தான் செலவு! அம்மாவையும் ஆற்றையும் பற்றி எழுதும் பையனுக்கு இந்தப் பயம் தேவையில்லை. கொள்ளையடித்த கதையை விலை பேசினால் மட்டும் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லாத பழங்குடியினர் சிறைகளில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்தச் சாதாரண விஷயத்தை அவர்களுக்குச் சொல்ல ஓர் அதிகாரிக்கும் நேரமில்லை.

கலைஞர்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஆர்ட்ஸ் லா சென்டர் என்ற அமைப்பில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் த பிளாக்' என்ற பிரிவு பழங்குடிக் கலைஞர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது. ஒப்பந்தத்தை அங்கே காட்டாமல் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. குலக்கதை ஏதாவது கவிதையில் வந்தால் அவர்கள் குலத்துப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அப்புறம், கைப்பிரதிக்கு ஒரு நகல் மருமகளிடம் இருக்கட்டும். அந்த ஆளுக்கு ஏற்கெனவே சில கவிதைகளை அனுப்பியிருந்தாலும் பதறாதீர்கள், அனுப்பியதால் உரிமை போய்விடாது.