இஃப் போட்டால் வில்லா, வுட்டா?

இஃப் வரும் வாக்கியத்தில் எங்கே வில், எங்கே வுட் என்று எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறது என்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல டைப் 1, டைப் 2, டைப் 3 அட்டவணையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த மார்க்கை நம்பித்தான் நான் மாட்டினேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக இருந்த நேரம். சாயத்துக்குப் போன துணி திங்கட்கிழமை வந்துவிடும், வந்தால் முப்பதாம் தேதிக்குள் சரக்கு கிளம்பிவிடும். லண்டன் பையருக்கு மெயில் போட்டேன்: "இஃப் த ஃபேப்ரிக் கேம் ஆன் மண்டே, வீ வுட் ஷிப் பை த தர்ட்டியத்." வுட் போட்டால் மரியாதை என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: அப்படியானால் துணி வராதா?

நான் எழுதியது அவர் காதில் "எங்கே வரப்போகிறது, அப்படியே வந்தால் பார்க்கலாம்" என்று விழுந்திருக்கிறது. நான் எழுதியது டைப் 2. டைப் 1-ல் கம்ஸ், வில் என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. தமிழில் இரண்டுக்கும் "வந்தால்" ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் "ஒருவேளை" என்று தனியாகச் சேர்ப்போம். ஆங்கிலத்தில் வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

நாளைய சமாசாரத்துக்கு இறந்தகாலம் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். வந்தான், வந்தால். போனான், போனால். நாமும் இறந்தகால வினையில்தான் "ஆல்" ஒட்டுகிறோம், கவனிப்பதில்லை. டைப் 3 இன்னும் சுலபம். "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்": இரண்டு பக்கமும் "இரு" வருகிறதா? அங்கே ஹேட், இங்கே வுட் ஹேவ். "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்." முடிந்துபோன கதை, இனி மாறாது. அவ்வளவுதான்.

இலக்கணப் புலிகள் சண்டைக்கு வர வேண்டாம். ஜீரோ, மிக்ஸ்டு என்று இன்னும் வகைகள் இருப்பது எனக்கும் தெரியும். இஃப்-க்குப் பின்னாலேயே வில் வரும் இடங்களும் உண்டு. கேட்டவருக்கு இப்போதைக்கு இது போதும் என்பது என் கருத்து.

அப்புறம், அந்த மெயிலை மேனேஜர் தன் கேபினில் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவர் எழுதும் எல்லா மெயிலிலும் "ரிவர்ட் பேக்" இருக்கும் (ரிவர்ட் என்றாலே பேக் அதில் அடங்கிவிட்டது), அதை யாரும் படித்துக் காட்டவில்லை. துணி சொன்னபடி திங்கட்கிழமையே வந்தது. முப்பதாம் தேதிக்குள் முடிக்க ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். ஓவர்டைம் கிடையாது. டீயும் நம் காசுதான்.