பாட்டு மறந்துபோகும் பிள்ளையும் பச்சரிசியும்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. அங்கன்வாடியில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொல்லிக்கொடுத்த பாட்டு மறுநாளே மறந்துவிடுகிறது என்கிறார் டீச்சர். காலையில் டீயும் பிஸ்கட்டும்தான் இறங்குகிறது. சமயத்தில் பச்சரிசியை அள்ளித் தின்கிறாள். ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: டானிக் வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியது அந்தப் பச்சரிசியை. அரிசி, மண், சுண்ணாம்பு என்று பிள்ளை தேடித் தின்றால் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூளையில் நரம்பு இழைகளுக்கு மேலுறை உண்டாகவும், ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் சேதி கடத்தவும் இரும்பு தேவை. அது குறைந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும், இல்லையேல் நிலைகொள்ளாமல் அலையும். அடம் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்கான மருந்தின் அளவை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். ஆறு மாதமாகப் பூச்சி மாத்திரை கொடுக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.

டீயை அடியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது.

காலைக்குக் கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழை நீர்க்கக் கரைத்தால் வயிறுதான் ரொம்பும். முளைகட்டிய கேழ்வரகு மாவு இரண்டு மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் வெல்லம், அரைத் தேக்கரண்டி நெய். கரண்டியைச் சாய்த்தால் ஓடாத பதத்தில் கிண்டுங்கள். முளைகட்டாத தானியத்தில் இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள் அதிகம். அதனால்தான் முளைகட்டச் சொல்கிறோம். வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். மதியம் பருப்போடு முருங்கைக்கீரை, கூடவே ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் கீரையின் இரும்பு நன்றாகச் சேரும்.

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. எடையும் குறைவு, வயதுக்கேற்ற உயரமும் இல்லை. அங்கன்வாடியில் சோறும் முட்டையும் தருகிறார்கள். அது போதாதா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: அது ஒரு வேளைக்கான கூடுதல் உணவு. வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடும், இடையில் இரண்டு தரம் தீனியும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த குழந்தைகளில், இரண்டு வயதில் உயரம் குன்றி ஐந்திலும் அப்படியே இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தது. அதனால் மாதாமாதம் எடையையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லி, அட்டையை நீங்களே பாருங்கள்.

சாப்பாட்டோடு பேச்சும் வேண்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் ஜமைக்காவில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வில், சத்துணவும் விளையாட்டுப் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஊட்டும்போது டி.வி.யை அணைத்துவிட்டு, தட்டில் இருப்பதன் பேரையும் நிறத்தையும் சொல்லிச் சொல்லி ஊட்டுங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து சிரப் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: நிறுத்த வேண்டாம், கறுப்பாகத்தான் போகும். ஐந்து வயதுக்குள் தடுப்புக்காகத் தருவது வாரம் இருமுறை ஒரு மில்லி. சாப்பிட்டபின் கொடுங்கள், பாலோடு கலக்காதீர்கள். பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; இனிப்பென்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.