மருத்துவ இடம் கிடைக்காத மகனும் மரபணுக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

மருத்துவ இடம் கிடைக்காத உங்கள் மகனுக்கு மரபணுப் புள்ளியியல் சோறு போடுமா என்று ஒரே கடிதத்தில் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். போடும். என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரிதான்: “மருத்துவம் கிடைக்கவில்லை, அதற்குப் பக்கத்திலாவது இருக்கட்டுமே.” அந்த எண்ணத்தோடு மகனை அனுப்பினால் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப்போவான். இந்தத் துறையில் நோயாளியும் இல்லை, வெள்ளை அங்கியும் இல்லை. காலை முதல் மாலை வரை கணக்கு, கணினி, சந்தேகம்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு பெரிய அட்டவணை. வரிசைக்கு ஓர் ஆள், பத்திக்கு டிஎன்ஏவில் ஓர் இடம். ஒவ்வொரு கட்டத்திலும் 0, 1, 2 என்ற மூன்றில் ஒன்று: அந்த இடத்தில் குறிப்பிட்ட டிஎன்ஏ எழுத்து (ஏ, சி, ஜி, டி நான்கில் ஒன்று) அந்த ஆளிடம் இல்லை, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது, இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. பத்திகள் லட்சக்கணக்கில் இருக்கும். புதிதாகச் சேர்பவர் முதலில் செய்வது கண்டுபிடிப்பு அல்ல, களையெடுப்பு. படிவத்தில் பெண் என்றிருக்கும், எக்ஸ் குரோமோசோம் ஆண் என்று சொல்லும். பெரும்பாலும் யாரோ குழாயில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்கள். இரண்டு எண்களில் ஒரே டிஎன்ஏ வரும். இரட்டையரா, ஒருவரே இருமுறை வந்தாரா என்று தேட வேண்டும். மாமாவும் மருமகனும் தனித்தனியாகப் பெயர் கொடுத்திருப்பார்கள். உறவினர் என்று தெரியாமல் கணக்கில் சேர்த்தால் விடை கோணும். சிலருக்குத் தாய்வழியும் தந்தைவழியும் வந்த டிஎன்ஏ நீண்ட தூரம் ஒன்றுபோலவே இருக்கும். மென்பொருள் அதைப் பிழை என்று ஒதுக்கப் பார்க்கலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்களைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு அது பிழையில்லை என்று உடனே தெரியும்.

அடுத்தது சந்தேகம். நாம் படித்த புள்ளியியலில் 0.05 என்ற வரம்பைத் தாண்டினால் போதும்; அதாவது, தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். பத்து லட்சம் இடங்களை அதே வரம்பில் சோதித்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் சுமார் 50,000 இடங்கள் ‘நோயோடு தொடர்பு உண்டு’ என்று கையைத் தூக்கும். அதனால்தான் இத்துறையில் 10 கோடியில் 5 என்ற கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பும் எல்லாத் தவற்றையும் தடுக்காது. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களை ஒருபுறமும் சிங்கப்பூர்த் தீவு மக்கள் எல்லாரையும் மறுபுறமும் வைத்து மரபணுவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ‘காவடி மரபணுக்கள்’ வரம்பைத் தாண்டிக்கொண்டு வந்து நிற்கும். அவை பக்தியைக் காட்டவில்லை. எடுப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர் என்பதைத்தான் காட்டுகின்றன. காவடி என்றால் சிரிப்போம். அதே இடத்தில் நீரிழிவு இருந்தால் பத்திரிகைச் செய்தியாகிவிடும். வம்சாவளி தரும் இந்த மயக்கத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள்தான் துறையின் உயிர்.

எத்தனை பேரைச் சோதித்தால் போதும் என்பதற்கும் ஒரே விடை கிடையாது. கார்பமாஸெபின் என்ற வலிப்பு மருந்து சிலருக்குத் தோலை உரித்துவிடும், உயிரையும் எடுக்கும். 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள்; 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்ட 101 பேரில் மூவரிடம்தான் இருந்தது. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினர் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தச் சோதனை செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. நீரிழிவுக்கு அப்படி ஒற்றைக் குற்றவாளி இல்லை. நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அவற்றைப் பிடிக்க லட்சக்கணக்கான ஆட்கள் வேண்டும்.

நம் ஊருக்கு இதில் தனி இடம் உண்டு. உலகின் மரபணு ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை. அவர்களை வைத்துக் கணித்த நோய் அபாய மதிப்பெண் நம்மிடம் தடுமாறுகிறது. எஸ்ஜி10கே திட்டம் 2019இல் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத்தொகுதி ஆய்வை வெளியிட்டது: 2,780 சீனர், 903 மலாய்க்காரர், 1,127 இந்தியர். அடுத்தது ஒரு லட்சம் பேருக்கான எஸ்ஜி100கே. ‘இந்தியர்’ என்ற அந்த ஒரு கட்டத்துக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி எல்லாரும் அடக்கம். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில் எச்2 (உயர்நிலைப் பாடம்) உயிரியல் எடுக்காமல் இயற்பியல் எடுத்துவிட்டானே என்ற கவலையை விடுங்கள். வேண்டியது எச்2 கணிதம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலோ தரவு அறிவியலோ படிக்கட்டும்; மரபியலை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். உயிரியலைப் பின்னால் பிடித்துவிடலாம். நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் இருபது வயதில் விட்டவர்கள் முப்பதில் பிடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். இளநிலைப் பட்டத்தோடு பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் உள்ள மரபணுத்தொகுதிக் கழகத்திலோ, பல்கலைக்கழகங்களின் பொதுச் சுகாதார, மருத்துவப் பள்ளிகளிலோ ஆய்வு உதவியாளராகச் சேரலாம். பல இடங்கள் ஆய்வு நிதியைச் சார்ந்த ஒப்பந்த வேலைகள். நிதி தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். சொந்தமாக ஆய்வு நடத்த முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள். உதவித்தொகை வாங்கினால் சேவை ஒப்பந்தம் இருக்கலாம். கையெழுத்திடுமுன் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். வங்கிக்குப் போகும் நண்பன் தொடக்கத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஆனால் இவனுக்கு இத்துறை பிடிக்காமல் போனாலும் கற்ற புள்ளியியல் அந்த வங்கியிலும் செல்லுபடியாகும், மருந்து நிறுவனத்திலும் செல்லுபடியாகும். பட்டத்தின் பெயரில் மரபியல் இருப்பதைவிடப் புள்ளியியல் இருப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

முடிவெடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். தேசிய சேவை என்ற கட்டாயப் பணியிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வருகிறான் அல்லவா? ‘1000 ஜீனோம்ஸ்’ திட்டம் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத் தரவை இலவசமாகத் தருகிறது. அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் ஒரு குழு. ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். 22ஆம் குரோமோசோமை மட்டும் இறக்கி, அந்தத் தமிழரும் சீனரும் ஆளுக்கொரு புள்ளி வைத்த படத்தில் எங்கே பிரிகிறார்கள் என்று அவன் வரைந்து காட்டட்டும். இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள்.

படம் அழகாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். எத்தனை இடங்களைக் கணக்கிலிருந்து நீக்கினாய், ஏன் என்று மட்டும் கேளுங்கள். “அதெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொண்டது அப்பா” என்றால் வேறு படிப்பு பார்ப்போம், என்னிடம் அழைத்து வாருங்கள். அரை மணி நேரம் உட்காரவைத்து விளக்கினால், விண்ணப்பத்தைத் தடுக்காதீர்கள்.