பந்தியில் நடுங்கும் கை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 27. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசையில் இருப்பவர்கள் என் கையையே பார்ப்பதாகத் தோன்றி, விரல்கள் நடுங்கத் தொடங்கிவிடுகின்றன. வங்கியில் பிறர் முன்னிலையில் கையெழுத்திடும்போதும் அப்படியே. எட்டாம் வகுப்பில் பாடம் வாசிக்கையில் என் குரல் நடுங்கியதை ஆசிரியர் நடித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது. என் அம்மாவும் விருந்தினர் வந்தால் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டார். சென்ற மாதம் தங்கையின் திருமணத்தில்கூடச் சாப்பிடாமல் மண்டபத்தின் பின்புறம் நின்றிருந்தேன். இது அம்மாவிடமிருந்து வந்ததா, அந்த ஆசிரியரால் வந்ததா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

தங்கையின் திருமணத்தில் அண்ணன் பசியோடு நின்றதை வாசித்தபோது மனம் கனத்தது. தைராய்டு மிகைச் சுரப்பு, பரம்பரை நடுக்கம், சில மருந்துகள் ஆகியவற்றாலும் கை நடுங்கலாம் என்பதால், முதலில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தனிமையில் நடுங்காத கை பிறர் முன்னால் மட்டும் நடுங்குமானால், அது சமூகப் பதற்றமாக, அதாவது பிறர் தன்னைக் கவனித்து எடைபோடுவார்களோ என்ற மிகையான அச்சமாக, இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அம்மா, ஆசிரியர் இருவரில் ஒருவரை மட்டும் காரணமாகச் சுட்ட இயலாது. புதிய முகங்களைக் கண்டு ஒடுங்கும் இயல்பு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமைகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து இதைக் காட்டினார், எனினும் அவ்வாறு ஒடுங்கியவர்களில் பலர் இந்த நோய்க்கு ஆளாகாமலே வளர்ந்தனர். அந்த இயல்போடு பிறந்த பிள்ளை, விருந்தினரைக் கண்டு ஒதுங்கும் அம்மாவையும் பார்த்து வளர்ந்தால், நாலு பேர் கூடுமிடம் அஞ்சத்தக்கது என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. (அவரைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை, அவரும் இதே அச்சத்தோடு வாழ்ந்திருக்கலாம்.) இந்தப் பதற்றம் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவத்தில்தான்; அந்த வயதில் ஆசிரியர் உங்களுக்குச் செய்தது பெருந்தவறு.

ஆயினும் 14 ஆண்டுகளாக இந்த அச்சம் தணியாமல் இருப்பதற்குக் காரணம் அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. 1995-இல் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் இருவரும் விளக்கியபடி, பதற்றப்படுபவரின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன்மேலேயே திரும்பிவிடுகிறது. கையை உற்றுக் கவனிக்கக் கவனிக்க நடுக்கம் பெரிதாகத் தெரிகிறது; நடுங்கக்கூடாதென்று டம்ளரை இறுகப் பிடித்தால் தசைகள் இறுகி மேலும் நடுங்குகிறது; பந்தியையே தவிர்த்துவிட்டாலோ, அவரவர் இலையைத்தான் அவரவர் பார்க்கிறார்கள் என்று கண்டறியும் வாய்ப்பே அமையாமல் போகிறது.

ஆகவே, கூட்டம் குறைந்த நேரத்தில் நெருங்கிய நண்பர் ஒருவரோடு டீக்கடைக்குச் சென்று, டம்ளரை இறுக்காமல் ஒரு கையில் பிடித்து, அவர் பேசுவதைக் கவனித்தபடியே குடித்துப் பாருங்கள். அது பழகியபின் சிறிய உணவகம், அதன்பின் உறவினர் வீடு, பிறகு பந்தி. தனியாக முடியவில்லையென்றால், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்றும் முறை) பயிற்சி பெற்ற உளவியலாளரை அணுகுங்கள். 2022 முதல் இயங்கும், அரசின் தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆலோசகர்