ஐந்து முறை இரண்டாமிடம்: வாசகர் கேள்வி–பதில்

ஈசூன் வாசகர்: 1970களின் தொடக்கத்தில், பளபளக்கும் உடையோடு மேடையேறிய கிளாம் ராக் இசைக் காலத்தில், ஸ்லேட், ஸ்வீட் இரண்டுமே பெரிய குழுக்கள். பிரிட்டிஷ் வாராந்தர இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஸ்லேடுக்கு ஆறு முதலிடம், ஸ்வீட்டுக்கு ஒன்றுதான். ஏன்?

ஸ்வீட் விற்காமல் போகவில்லை. 'பிளாக்பஸ்டர்' 1973 ஜனவரி கடைசியில் ஏறி ஐந்து வாரம் முதலிடத்தை விடவில்லை. அது தவிர ஐந்து பாட்டுகள் இரண்டாமிடம் வரை போய் நின்றுவிட்டன. அந்த வாரம் யாரைவிட யார் அதிகம் விற்றார் என்பதைத்தான் பட்டியல் காட்டும். எத்தனை தட்டு போனது என்று சொல்லாது. 1974 தொடக்கத்தில் 'டீனேஜ் ராம்பேஜ்' மேலே வந்தபோது வழிமறித்தது மட் குழுவின் 'டைகர் ஃபீட்'. இரண்டையும் எழுதியது நிக்கி சின், மைக் சாப்மன் என்ற ஒரே ஜோடி என்பதுதான் வேடிக்கை!

ஸ்லேடின் பலம் வேகம். ரசிகர்கள் முன்கூட்டியே கடையில் சொல்லிவைத்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்குப் பரவ வேண்டிய விற்பனை முதல் சில நாளிலேயே கொட்டும். 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' 1973 மார்ச் 3 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்து 'பிளாக்பஸ்டரை' இறக்கியது. 1969இல் பீட்டில்ஸின் 'கெட் பேக்'குக்குப் பிறகு அப்படி நுழைந்த முதல் பாட்டு அது. அதே ஆண்டில் ஸ்லேட் இன்னும் இரண்டு முறை அதையே செய்தது.

தெம்பனிஸ் வாசகர்: ஒரே வாரத்துக்கு இரண்டு பத்திரிகைகளில் இரண்டு வரிசை இருக்கிறதே, எதை நம்புவது?

என்எம்இ, மெலடி மேக்கர் என்ற இசைப் பத்திரிகைகள் இரண்டும் தத்தம் கடைகளைக் கேட்டுத் தனித்தனியாகப் பட்டியல் போட்டன. பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963இல் அவ்விரண்டிலும் முதலிடம், ரெக்கார்ட் ரீடெய்லர் என்ற வணிகப் பத்திரிகையில் இரண்டாமிடம். இன்று அதிகாரபூர்வமாகக் கொள்வது, 1969 பிப்ரவரியிலிருந்து பிபிசிக்காகவும் ரெக்கார்ட் ரீடெய்லருக்காகவும் பிஎம்ஆர்பி என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த பட்டியலை. சுமார் 300 கடைகள். ஒவ்வொரு சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தும் சிறிய தட்டு) விற்றதும் அதன் எண்ணைக் கையால் குறிப்பேட்டில் எழுதி, வாரக் கடைசியில் தபாலில் அனுப்ப வேண்டும். செவ்வாய் மதியம் வானொலியில் முடிவு வரும். தபாலை நம்பிய ஏற்பாடு என்பதால் 1971 தபால் வேலைநிறுத்தத்தில் ஆட்டம் கண்டது. சில வாரங்களுக்கு 50 இடங்கள் 40 ஆகச் சுருங்கின. எந்தக் கடைகள் என்று கசிந்தால், கம்பெனி ஆட்களே அங்கே போய் வாங்கிக் குவிக்கவும் இடமிருந்தது.

தேதியிலும் கவனம் தேவை. பட்டியலில் இருப்பது வாரம் முடியும் சனிக்கிழமை. எண்ணப்பட்டதோ அதற்கு முந்தைய வார விற்பனை.

ஜூரோங் வாசகர்: பழைய சாமான் கடையில் டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி' 45 (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய தட்டு) கிடைத்தது. 1969 அசலா?

லேபிளைப் பாருங்கள். அசல் பிரிட்டிஷ் தட்டு பிலிப்ஸ் கம்பெனியுடையது, எண் பிஎஃப் 1801. அது ஐந்தாமிடம் வரைதான் போனது. ஆர்சிஏ கம்பெனியின் பெயரோடு 2593 என்ற எண் இருந்து, மறுபக்கத்தில் 'சேஞ்சஸ்', 'வெல்வெட் கோல்ட்மைன்' என இரண்டு பாட்டுகள் இருந்தால், அது 1975 மறுவெளியீடு. போவிக்கு முதல் முதலிடம் வாங்கித் தந்தது இந்த மறுவெளியீடுதான், 1975 நவம்பரில். அவருடைய 'ஸ்டார்மேன்' பத்தாமிடத்தோடு நின்றது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நடுத்துளை பெரிதாக வெட்டப்பட்டிருந்தால் ஜூக்பாக்ஸில் ஓடிய தட்டாக இருக்கலாம். டர்ன்டேபிளில் வைக்க அடாப்டர் வேண்டும்.

பொங்கோல் வாசகர்: தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம். எப்படி எடுப்பது?

நம் சிங்கப்பூர் ஈரத்தில் இது சகஜம். காகித உள்ளுறையை முதலில் தூக்கிப் போடுங்கள். பூஞ்சண வித்து அதில்தான் தங்கும். காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, வரிப்பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறும். லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் வடிநீரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்திவைத்து நன்றாக உலரவிடுங்கள். குழாய்த்தண்ணீரில் உள்ள உப்பு பள்ளத்தில் படிந்து படபடவென்று சத்தம் தரும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு கலந்திருந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள், ஆல்கஹால் அதை அரித்துவிடும்.