நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலின் மின் பேனலில் பஸ்பார் மூட்டு கறுக்கிறது. பஸ்பாரைக் கழற்றிவிட்டு கேபிள் போடலாமா?

வேண்டாம். மெயின் பிரேக்கரிலிருந்து வரும் மின்சாரத்தை எல்லாக் கிளைப் பிரேக்கர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது பஸ்பார் என்ற செம்புப் பட்டைதான். கேபிளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்தால் மூட்டுகள் கூடும்; சூடாகும் இடங்களும் கூடும்.

மூடிய பேனலுக்குள் செம்புக்குச் சதுர மில்லிமீற்றருக்கு சுமார் 1.6 அம்பியர் என்பது பழைய கணக்கு. 30×5 மி.மீ. பட்டைக்கு 240 அம்பியர் வரும். முதல் மதிப்பீட்டுக்கு அது போதும். இறுதித் தெரிவுக்குத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள்.

பெரும்பாலும் கெடுவது பட்டை அல்ல, மூட்டு. சுமை ஏறி இறங்க செம்பு விரிந்து சுருங்கும், போல்ட் தளரும், தொடுகைத் தடை (இரு உலோகங்கள் தொடும் இடத்தின் மின்தடை) கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் அங்கே வெப்பம் நான்கு மடங்கு. உப்புக்காற்று அரிப்பை விரைவாக்கும். செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் இன்னும் மோசம். ஈயம் பூசிய செம்பு அல்ல, வெள்ளீயம் பூசிய பட்டையே கடற்கரைக்கு ஏற்றது.

திருத்தும்போது மெயினை மட்டுமல்ல, ஜெனரேட்டரையும் நிறுத்திப் பூட்டுங்கள். மூன்று பேஸும் நியூட்ரலும் செத்திருப்பதைச் சோதித்த பிறகே கை வையுங்கள். மூட்டைப் பிரித்துத் தேய்த்துத் துடைத்து, தொடுகைப் பசை மெல்லியதாகப் பூசி, புதிய ஸ்பிரிங் வாஷரோடு டோர்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினாலும் போல்ட் நீண்டு பிடி விடும்.

தாங்கும் இன்சுலேட்டர்களையும் துடையுங்கள். ஷோர்ட் சேர்க்கிட்டில் மின்னோட்டம் பத்து மடங்கானால் பட்டைகளுக்கிடையிலான விசை நூறு மடங்கு. வெடித்த இன்சுலேட்டர் அதைத் தாங்காது.