முன் விறாந்தையில் மோடம், பின்னறையில் வகுப்பு

வீட்டு இணையம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் அநேகமானவை, வேகம் போதவில்லை என்ற ஒரே முறைப்பாட்டையே வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதலாவது கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எங்களுடையது பழைய நாற்சார் வீடு. நான்கு மாதங்களுக்கு முன் ஃபைபர் இணைப்பு எடுத்தபோது, முன் விறாந்தைச் சுவரில் பெட்டியைப் பொருத்தினார்கள். உயர்தரம் படிக்கும் மகன் பின்னறையிலிருந்து சூம் வகுப்பில் சேர்ந்தால் அடிக்கடி அறுந்துவிடுகிறது. அறிவித்ததும் ஒருவர் வந்து பார்த்து, லைனில் பிழை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடிய வேகமுள்ள பொதிக்கு மாறலாமா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். வந்தவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மடிக்கணினியை முன் விறாந்தைக்குக் கொண்டுபோய், அதன் வைஃபையை அணைத்துவிட்டு, லான் கேபிளால் பெட்டியுடன் நேரடியாக இணைத்து வேகத்தை அளவுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, மகனின் மேசையில் வைத்து வைஃபை மூலம் அளவுங்கள். முதலாவது அளவு பொதியில் சொன்ன வேகத்துக்குக் கிட்டவும் இரண்டாவது அதில் பத்தில் ஒரு பங்காகவும் இருந்தால், குறை வீதியில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. எவ்வளவு பணம் கூட்டிக் கட்டினாலும் உங்கள் சுவர் மெலியப்போவதில்லை.

வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது விரைவில் வலுவிழந்துவிடும், 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைந்தது, ஆனால் சற்றுத் தூரம் போகும். சுண்ணாம்புக் கல்லால் ஒன்றரை அடித் தடிப்பில் எழுப்பிய இரண்டு சுவர்கள் இடையில் இருந்தால் இரண்டுமே களைத்துவிடும். நாற்சார் வீட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு: நடுமுற்றம் வானம் பார்த்த வெளி, அங்கே அலையை மறிக்க எதுவும் இல்லை. பெட்டி முன் விறாந்தையில் வீதியைப் பார்த்தபடி இருப்பதற்குப் பதிலாக, முற்றத்தைப் பார்த்த உள்விறாந்தையில், தலைக்கு மேலான உயரத்தில் இருந்தால், எதிர்ப்புற அறையின் கதவு வழியாகவும் யன்னல் வழியாகவும் அலை நுழைந்துவிடும். ஃபைபரை நீட்டுவதை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம். கண்ணாடி இழையை வெட்டி ஒட்டுவதற்குத் தனிக் கருவி வேண்டும், ஆகவே இணைப்புத் தந்தவர்களையே கேளுங்கள்.

பெட்டியை நகர்த்த முடியாவிட்டால், பின்னறைக்கு ஒரு கேபிள் இழுப்பதே சிறந்தது. சுவரில் செருகும் சிறிய ரிப்பீற்றர்களைப் பலர் வாங்குகிறார்கள், ஆனால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. மலிவானவை ஓர் அலைவரிசையில் அலையைப் பெற்று அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும், பெறும் இடத்திலேயே சிக்னல் நலிந்திருந்தால் அந்தப் பாதியும் மிஞ்சாது. கற் 5இ அல்லது கற் 6 வகைக் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். நான்கு பரப்புக் காணியில் உள்ள வீட்டுக்கு அதில் பாதியே போதும். உள்ளே அலுமினியம் வைத்து மேலே செம்பு பூசிய மலிவான கேபிளும் விற்பனைக்கு உண்டு, எனவே முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். மின்சார வயர் போகும் குழாய்க்குள் இதைச் செலுத்தக் கூடாது. ஓட்டுக் கூரைக்குள்ளால் கொண்டுபோவதானால் பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். எங்கள் ஊர் அணில்களுக்குக் கேபிளின் தோல் மிகவும் பிடிக்கும்.

பின்னறையில் வைப்பதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய தொலைபேசி லைனுக்குரிய ஏடிஎஸ்எல் ரவுட்டர் எங்காவது ஓர் அலுமாரியில் கிடக்கும், அதுவே போதும். முதலில் அதைத் தனியாக மடிக்கணினியுடன் இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். உங்கள் ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், பழையதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, டிஎச்சிபி என்ற வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டுக் கருவிகளுக்கு இலக்கம் வழங்கும் வேலை அது, ஒரு வலையமைப்பில் அதை ஒருவரே செய்ய வேண்டும். வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கு 1ஆம் சனலையும் மற்றதற்கு 6 அல்லது 11ஆம் சனலையும் கொடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று பேசாது. கடைசியாக, முன்னால் இருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லான் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். தொலைபேசி லைனுக்குரிய துளை வெறுமையாகவே இருக்கட்டும். அந்தப் பழைய கருவியின் வைஃபை பெரும்பாலும் 2009இல் வெளியான தரத்தோடு நின்றிருக்கும். ஆனால் சூம் வகுப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் வேகம் இருந்தாலே போதும் என்பதால், அது பெரிய குறையாகத் தெரியாது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பொதிக்குப் பணம் கட்டுகிறேன். ஆனால் கோப்பு இறக்கும்போது கணினி 12 என்றே காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: இல்லை. பொதியின் வேகம் பிற்றுகளில் சொல்லப்படுகிறது, கணினி காட்டுவது பைற்றுகளில். எட்டு பிற்று ஒரு பைற்று என்பதால், 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை வரும். உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டரே இருக்கிறது. ஒருநாள் ஓடுகிறது, ஒருநாள் இழுக்கிறது. (வாசகர், வேலணை)

பதில்: கோண்டாவில் வாசகிக்குச் சொன்னதற்கு இங்கே இன்னொரு பாதியும் சேருகிறது, ஏனெனில் உங்கள் ரவுட்டர் வீட்டுக்கு அலை அனுப்புவதோடு கோபுரத்திலிருந்தும் அலை பிடிக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலுவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அது மறை எண் என்பதால் பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதே நல்லது: -80 அளவில் இருந்தால் மிகவும் நன்று, -110ஐத் தாண்டினால் தடுமாறும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு யன்னலாக ரவுட்டரை வைத்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயும் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும். எண் நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் விழுந்தால், ஊரே அதே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கிறது என்று பொருள். அதற்கு அன்ரெனா வாங்கியும் பெரிய பயன் இராது.

கேள்வி: மழைக்காலத்தில் இடி முழங்கும்போது எதை எதைக் கழற்ற வேண்டும்? மின்வெட்டின்போது இணையத்தை ஓட வைக்க வழி உண்டா? (வாசகி, கரவெட்டி)

பதில்: முதற் கேள்விக்கு என் சொந்த நட்டமே பதில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில், இடி தொடங்கியதும் மின்பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தொலைபேசி வயரை மறந்துவிட்டேன். மோடம் அந்த வயர் வழியாகவே கருகியது. செப்பு லைன் உள்ளவர்கள் இரண்டையும் கழற்ற வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்தப் பக்கம் ஆபத்து மிகக் குறைவு. மின்பிளக்கைக் கட்டாயம் கழற்றுங்கள். பிரதான வீட்டிலிருந்து வளவில் தனியாக உள்ள குசினிக்கோ கடைக்கோ லான் கேபிள் இழுத்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும், அதுவும் செம்புதான். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எழுந்து கழற்றப் போகாதீர்கள். தூரத்தில் குமுறும்போதே செய்யுங்கள்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் நின்றாலும் ரவுட்டரைப் பற்றரியில் ஓட வைக்கும் சிறிய யுபிஎஸ்களைப் பலர் தேடி வாங்கியது அப்போதுதான். வாங்குமுன் உங்கள் ரவுட்டரின் அடாப்ரரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: அநேகமானவை 12 வோல்ற், சில 9 வோல்ற். வோல்ற் மாறினால் கருவி பழுதாகலாம். யுபிஎஸ் பெட்டியின் மேல் கொள்ளளவு 8800 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் அது உள்ளே உள்ள 3.7 வோல்ற் பற்றரியின் கணக்கு. 9 வாற் அளவு இழுக்கும் ஒரு ரவுட்டருக்கு அது ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் வரும்.

கேள்வி: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஃபைபரைக் கழற்றித் துடைத்துப் போடலாமா? (வாசகர், நல்லூர்)

பதில்: வேண்டாம். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மெல்லிய ஃபைபர் வயர் அலுமாரிக்குப் பின்னால் நெரிந்தோ, கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் மெதுவாகத் தளர்த்தி, பெரிய வளையமாக விடுங்கள். பச்சை நிற முனையைக் கழற்றாதீர்கள், சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வயர் நேராக இருந்தும் விளக்கு அணையாவிட்டால், இம்முறை குறை வீதியில்தான். உடனே நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.